கண், சூரியன், நட்சத்திரம்: ஒற்றை இழையில் நிற்பது எது?

சேலம் அம்மாபேட்டையில் துணியில் உருவங்களை நெய்யும் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவன் நான். எந்த உருவத்தைப் பார்த்தாலும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பார்ப்பேன். ஒரே நிற இழையில் நெய்யும்போது வண்ணம் கைகொடுக்காது, உருவம் தன் காலில் நிற்க வேண்டும். டிவி லோகோக்களையும் அப்படித்தான் எடைபோடுகிறேன். தூர்தர்ஷனின் கண், சன் டிவியின் சூரியன், விஜய் டிவியின் நட்சத்திரம் மூன்றையும் தாளில் ஏற்றிப் பார்த்தேன்.

கண்ணை வரைந்தவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா, அப்போது அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழக மாணவர். நடுவில் ஒரு வட்டம், இருபுறமும் அதை அணைத்த இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. அந்தக் காலத்துத் திரை கறுப்பு வெள்ளை. நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு 1982-இல்தான் வந்தது. வண்ணத்தை நம்பாமல் பிறந்த உருவம் என்பதால்தான் ஒற்றை இழையிலும் குலையாமல் நிற்கிறது. வளைவை எத்தனை படிக்கட்டாக உடைத்தாலும் கண் கண்ணாகவே தெரிகிறது.

எங்கள் வீட்டில் தறி ஓடும்போது, தூர்தர்ஷன் லோகோவோடு வரும் பண்டிட் ரவிசங்கரின் அந்த இசை காதில் விழாது. அப்பா தறிக்குழியிலிருந்தே தலையைத் திருப்பிப் பார்ப்பார். வளைவுகள் சுழன்று வந்து கண்ணாகக் கூடுவதைக் கண்டதும் தறியை நிறுத்திவிடுவார். சத்தமே இல்லாமல் ஒரு லோகோ ஆளைக் கூப்பிட்டதை நான் பார்த்தது அங்கேதான்.

சூரியன் வேறு வகை. சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. கேபிள் வயர் தெருத்தெருவாக வந்த காலம், கலர் டிவிக்கான லோகோ. கிராப் தாளில் கதிர்கள் எனக்குத் தொல்லை கொடுத்தன. அளவைக் குறைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பல்சக்கரம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் கண்ணுக்கு இல்லாத ஒரு பலம் இதற்கு உண்டு: படமும் பெயரும் ஒன்றே. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூட அதைப் பார்த்து, "சன்னு வெச்சிருக்கான்" என்பார். கன்னடத்தில் உதயா, மலையாளத்தில் சூர்யா என்று சூரியனைச் சுற்றியே அதே குழுமத்தின் சேனல் பெயர்கள் கிளை விட்டதும் சாமர்த்தியம்.

நட்சத்திரத்தை நெய்வது சுலபம், ஐந்து முனை. யாருடைய நட்சத்திரம் என்பதுதான் கேள்வி. 1994-இல் கோல்டன் ஈகிள் என்று ஆரம்பித்த சேனல் பிறகு விஜய் ஆனது, 2001-இல் ஸ்டார் குழுமத்துக்குப் போனது. நட்சத்திரம் குழுமத்தோடு வந்த அடையாளம், சேனலோடு பிறந்ததல்ல. இங்கே கேபிள்காரரிடமோ டீக்கடையிலோ எல்லோருக்கும் அது வெறும் "விஜய் டிவி"தான். பெயர் வேரூன்றிவிட்டது, படம் ஊன்றவில்லை.

பல மொழிகளில் சேனல்கள் நடத்தப்போகிறவருக்குச் சூரியன் வழியைச் சொல்வேன். ஒரே ஒரு லோகோவைத் தேர்ந்தெடு என்றால் தயங்காமல் கண்தான்.

பெயர் விஷயத்தில் தூர்தர்ஷன் மீது எனக்கு வருத்தம் உண்டு. 2024 ஜனவரியில் அதன் தமிழ் சேனலான பொதிகை, டிடி தமிழ் ஆனது. சேர்வராயன் மலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, ஒரு மலையின் பெயரில் சேனல் இருந்தது தனிப் பிரியம். அந்தப் பெயரை விட்டிருக்கக் கூடாது. அதே ஆண்டு ஏப்ரலில் டிடி நியூஸ் லோகோ சிவப்பிலிருந்து காவி நிறத்துக்கு மாறி, அரசியலில் பெரிய சர்ச்சையானது. அன்று ராத்திரி பழைய கிராப் தாளை எடுத்துப் புது லோகோவின் கண்ணோடு வைத்துப் பார்த்தேன். ஒரு கட்டம்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.