1941 பலகையில் சோவியத் தரப்பு: எல்லையா, ஆறா, ஆழமா?

1941 ஜூன் 22-இல், சோவியத் யூனியன் மீதான ஜெர்மன் படையெடுப்போடு தொடங்கும் கிழக்கு முனைப் பலகைப் போர் விளையாட்டுகளில் சோவியத் தரப்பை எடுப்பவருக்கு முதல் சில டர்ன்களில் (ஆட்டச் சுற்றுகளில்) ஜெயிக்கிற வேலை இல்லை. மொத்தமாக அழிந்துபோகாமல் இருக்கிற வேலைதான். பெரும்பாலான விளையாட்டுகளில் ஜெர்மன் டாங்கிக் கவுன்டர்கள் (படைப்பிரிவைக் குறிக்கும் அட்டைச் சில்லுகள்) ஒரே டர்னில் நகர்ந்து, அடித்து, மறுபடியும் நகரும். இதை எதிர்கொள்ள மூன்று வழிகளைச் சொல்வார்கள்: எல்லையிலேயே மறிப்பது, திவினா–நீப்பர் ஆறுகளைப் பிடித்து நிற்பது, இடத்தை விட்டுக்கொடுத்தபடி ஆழத்தில் அடுக்கடுக்காக நிற்பது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் இரண்டாவதிடம் நிறைய கடன் வாங்கிக்கொண்டுதான்.

எல்லைத் தற்காப்பை அதிகம் அலச வேண்டியதில்லை. பியாலிஸ்டாக் பகுதி எதிரிக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கே படையைக் குவித்தால் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டு உள்ளே மாட்டிக்கொள்ளும். நிஜப் போரில் மின்ஸ்க் ஆறே நாளில், ஜூன் 28-இல், விழுந்தது. சோவியத் மேற்கு முனைத் தளபதி பாவ்லோவ் ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரிப்யாத் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே மட்டும் கதை வேறு. சோவியத் டாங்கிப் படைகள் அங்கே கணிசமாக இருந்தன. டுப்னோ–பிராடி வட்டாரத்தில் அவை ஏகப்பட்ட டாங்கிகளை இழந்தாலும் ஜெர்மனியின் முதலாம் டாங்கிக் குழுவின் வேகத்தைக் குறைத்தன. ஆகவே தெற்கில் ஒன்றிரண்டு டர்ன் எல்லையில் நின்று அடிபடலாம். வடக்கிலும் நடுவிலும் வேண்டாம்.

ஆற்றுத் தற்காப்பின் கவர்ச்சி கணக்கில் இருக்கிறது. ஆற்றுக்குப் பின்னால் நிற்பவரின் பலம் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்ஸில் (பலகையின் அறுகோணக் கட்டத்தில்) இரண்டு கவுன்டர்தான் அடுக்கலாம். உங்களிடம் பலம் 5 உள்ள இரண்டு கவுன்டர், ஜெர்மன் தரப்பை ஆடுபவரிடம் பலம் 8 உள்ளவை. உங்கள் 10 இப்போது 20. மூன்று ஹெக்ஸிலிருந்து அடித்தால் அவருக்கு 48 கிடைக்கும், அதாவது தாக்குபவர் பலத்துக்கும் தடுப்பவர் பலத்துக்கும் உள்ள விகிதம், கீழ்நோக்கி முழுமையாக்கினால், 2:1. இரண்டு ஹெக்ஸ் என்றால் 32, அதே கணக்கில் வெறும் 1:1. ஒரே ஹெக்ஸிலிருந்து மட்டும் அடிக்க முடிந்தால் 16. அந்தத் தாக்குதலை அவர் யோசிக்கவே மாட்டார். அதனால் ஆறு எங்கே ஓடுகிறது என்பதைவிட எப்படி வளைகிறது என்பதுதான் முக்கியம். உங்கள் கரை எதிரியை நோக்கிப் புடைத்திருக்கும் இடத்தில் மூன்று பக்கமும் அடி விழும். நல்ல கவுன்டர்களை அங்கே வையுங்கள். கரை உள்வாங்கிய இடத்துக்கு இருப்பதிலேயே நோஞ்சான் போதும். இதைக் கவனிக்காமல் கரை நெடுக ஒரே சீராகப் படையை விரிப்பவர்கள்தான் இரண்டாவது டர்னிலேயே ஆற்றைப் பறிகொடுக்கிறார்கள்.

இந்தக் கோட்டில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, விதெப்ஸ்குக்கும் ஓர்ஷாவுக்கும் நடுவே ஆறே கிடையாது. திவினா ஒரு பக்கம் போய்விடுகிறது, நீப்பர் இன்னொரு பக்கம். இடையில் ஸ்மாலென்ஸ்க் வழியாக மாஸ்கோவுக்குத் திறந்த வாசல். இரண்டாவது, ஆற்றுக்கு நீங்கள் முதலில் போய்ச் சேர வேண்டும். ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் டாங்கிப் படை எல்லையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் ஓடி, ஜூன் 26-இலேயே டௌகவ்பில்ஸில் திவினா பாலங்களைப் பிடித்துவிட்டது. பின்வாங்கும் படை அங்கே வந்து நிற்கும் வரை யாராவது முன்னால் நின்று சாக வேண்டும்.

ஆழத் தற்காப்பு தேவைப்படுவது இங்கேதான். பல விளையாட்டுகளில் ஒவ்வொரு கவுன்டரும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு ஹெக்ஸிலும் நுழையும் எதிரியை நிறுத்திவிடும். அப்படியானால் இரண்டு ஹெக்ஸ் இடைவெளி விட்டு ஒவ்வொரு கவுன்டராக வைத்தாலும் கோடு மூடியே இருக்கும். அப்படி ஒரு மெல்லிய வரிசை, அதற்கு மூன்று நான்கு ஹெக்ஸ் பின்னால் இன்னொன்று. முன்வரிசை செத்துப்போகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டாங்கிகளின் இரண்டாவது நகர்வு பின்வரிசையின் முன்னால் வந்து முடிந்துவிடும், வளைத்துப் பிடிக்க அங்கே பெரிய கும்பலும் இருக்காது. அவர் உள்ளே வர வர சப்ளையும் இழுபடும்: சோவியத் தண்டவாள அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மானியருடையது 1,435. பாதையை மாற்றிப் போடாமல் அவருடைய ரயில் ஓடாது, நல்ல விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இதற்கு ஒரு விதி இருக்கும்.

விலை? நகரங்கள். தொழிற்சாலைகளைக் கிழக்கே நகர்த்தும் விதி இருந்தால் சீக்கிரம் பின்வாங்குவது உங்களுக்கே ஆபத்து. 1941-இன் பிற்பாதியில் சுமார் 1,500 ஆலைகளைப் பெயர்த்துக் கொண்டுபோக முடிந்தது என்றால், அதற்கான நாட்களை முன்னால் யாரோ வாங்கித் தந்தார்கள்.

கீவ் விஷயத்தில்தான் வாதம் சூடாகும். செப்டம்பரில் அங்கே நின்ற படை சுற்றி வளைக்கப்பட்டது. ஜெர்மானியக் கணக்குப்படி கைதிகள் மட்டும் 6,65,000. ஆனால் அந்த வளைப்புக்காக ஜெர்மன் டாங்கித் தளபதி குடேரியன் தெற்கே திரும்ப வேண்டியிருந்தது, மாஸ்கோ மீதான பெருந்தாக்குதல் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கியது. ‘அதனால் கீவில் நிற்பதே சரி’ என்பார்கள். பலகையில் இந்த வாதம் செல்லாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் வரலாறு தெரியும். தெற்கே திரும்பச் சொல்லி அவருக்கு உத்தரவு போட ஹிட்லர் இல்லை. அவர் நேரே மாஸ்கோ போனால் உங்கள் பெரும்படை கீவில் சும்மா நின்றுகொண்டிருக்கும். ஒன்று செய்யலாம்: அவருடைய டாங்கிகள் ஓர்ஷாவைத் தாண்டும் வரை கீவில் இருங்கள், தெற்கே ஒரு டாங்கிக் கவுன்டர் திரும்பினாலும் அடுத்த டர்னிலேயே காலி செய்யுங்கள். திரும்பாவிட்டால் அந்தப் படை அவருடைய நீண்ட வலது விலாவுக்குப் பக்கத்தில் இருக்கும், அப்போது அது பொன்.

அப்புறம் எதிர்த்தாக்குதல். கோடையில் அது சின்ன அளவில், தனியாக முன்னால் வந்து சப்ளை இல்லாமல் நிற்கிற கவுன்டர் மீது மட்டும். செப்டம்பர் தொடக்கத்தில் யெல்னியாவில் செம்படை மீட்டது ஒரு சின்னத் துருத்தலைத்தான். பெரிய அடியை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அக்டோபர் சேறு முடியும்போது மாஸ்கோவுக்குப் பின்னால் தொடாத படை ஒன்று இருக்க வேண்டும். புதிதாக வரும் கவுன்டர்களில் மூன்றில் ஒரு பங்கையாவது, முன்வரிசை எவ்வளவு கதறினாலும், செப்டம்பரிலிருந்தே ஒதுக்கி வைப்பது என் வழக்கம்.