விஎம்-ம ஒரு யூசர்ட்ட இருந்து இன்னொரு யூசருக்கு மாத்த: ஓவிஏ-வா, ஃபோல்டரயே தூக்குறதா?

திருநெல்வேலி டவுன்ல ரத வீதிக்குள்ள ஒரு மொத்த மளிகைக் கட. அங்க உள்ள கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு லினக்ஸ் போட்டுக் குடுத்ததே நான்தான். பில்லிங் சாப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும்ங்கதால வெர்ச்சுவல்பாக்ஸ்ங்க சாப்ட்வேர்ல ஒரு விண்டோஸ் விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுத இன்னொரு கம்ப்யூட்டர். எல்லாம் கணக்கு பாத்த பையனோட லாகின்ல இருந்துச்சு. அவன் போன ஆனியில சென்னைல வேல கெடச்சு கெளம்பிட்டான், புதுசா ஒரு தங்கச்சி வந்து சேந்தா. அண்ணாச்சி போன்ல, "ஏல தம்பி, அவன் சிஸ்டத்த இவ பேருக்கு மாத்திக் குடுத்துட்டுப் போ, பத்து நிமிச வேலதான"ன்னாரு. தேரோட்ட வாரம் வேற, சிபியூவ வண்டில வச்சு என் எடத்துக்கு தூக்கிட்டுப் போகவும் வழியில்ல, அங்கனயே உக்காந்து செய்யணும்.

பழைய பாஸ்வேர்டயே புதுசா வந்தவட்ட குடுத்துரலாமேன்னு கேப்பீங்க. பாதிக் கடைல அதான் நடக்கு. ஆனா பிரவுசர்ல அவன் மெயில், பேங்க் எல்லாம் தெறந்து கெடக்கும், வேண்டாம்.

மொதல்ல நான் பண்ணது ஓவிஏ, அதாவது விஎம்-ம ஒரே ஃபைலா கட்டிக் கொண்டுபோறது. எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ், அந்தப் பக்கம் இம்போர்ட், முடிஞ்சது. பெர்மிஷன் தலவலி கெடயாது, வேற கம்ப்யூட்டருக்கு கொண்டுபோகணும்னா இன்னைக்கும் இதத்தான் சொல்லுவேன். ஆனா ஒரே மெஷினுக்குள்ள மாத்துறதுக்கு இது வீட்ட இடிச்சிட்டு பக்கத்துலயே திருப்பி கட்டுத மாதிரி. அறுபது ஜிபி டிஸ்க், எக்ஸ்போர்ட்டுக்கே முக்கா மணி நேரம், பழசு, ஓவிஏ ஃபைலு, இம்போர்ட் ஆனதுன்னு மூணும் சேந்து 240 ஜிபி எஸ்எஸ்டில மூச்சு முட்டிருச்சு. வாசல்ல லோடுமேன் பில்லுக்கு நிக்கான், அண்ணாச்சி என்னையப் பாக்காரு.

அது கூட பரவால்ல. விண்டோஸ் பூட் ஆகி பில்லிங்க தெறந்தா, இது வேற கம்ப்யூட்டர், லைசன்ஸ் செல்லாதுங்கு. இதான் விஷயமே, இத கொஞ்சம் பொறுமையா சொல்லுதேன். ஓவிஏவ இம்போர்ட் பண்ணும்போது வெர்ச்சுவல்பாக்ஸ் அந்த மெஷினுக்கு யூயூஐடிங்க அடையாள நம்பர புதுசா போட்டுரும், உள்ள இருக்க விண்டோஸுக்கு ஹார்டுவேர் அடையாளமா தெரியுறது அந்த நம்பர்தான். நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பரான மேக் அட்ரஸும் நாம தனியா சொல்லாட்டி எல்லா நெட்வொர்க் கார்டுக்கும் அப்படியே நிக்காது, கார்ட பிரிட்ஜ் மோட்ல, அதாவது வெளி நெட்வொர்க்லயே நேரா, போட்டுருந்தா மாறிரும். டிஸ்க்குக்குள்ள ஒரு எழுத்து மாறல, ஆனா சாப்ட்வேர் கண்ணுக்கு ஆளு மாறிட்டாரு. லைசன்ஸ் குடுத்தவங்களுக்கு போன் போட்டா திங்கக்கெழம பாக்கலாம்னுட்டாங்க. இம்போர்ட்லயே எல்லா மேக் அட்ரஸயும் வச்சிக்கோன்னு ஆப்ஷன் இருக்கு, ஹார்டுவேர் யூயூஐடியவும் கமாண்டுல பழைய நம்பருக்கே மாத்தலாம், ஒத்துக்கிடுதேன், ஆனா அத நின்ன நெலைல ஞாபகம் வச்சு செய்யணும்லா. இன்னொண்ணு, அந்தப் பையன் வருஷா வருஷம் மார்ச் 31 கணக்கு முடிச்சதும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து விஎம் நெலமையோட பதிவு, எடுத்து வச்சிருந்தான். ஓவிஏல இப்ப உள்ள நெலம மட்டும்தான் போகும், ஸ்னாப்ஷாட் ஒண்ணும் வராது.

இம்போர்ட் ஆனத அழிச்சிட்டு ரெண்டாவது வழிக்கு வந்தேன். விஎம்-ம சேவ் ஸ்டேட்ல (ஓடுற நெலமையிலயே நிப்பாட்டி வைக்குறது) போடாம முழுசா ஷட்டவுன் பண்ணணும். பழைய லாகின்ல ரிமூவ் குடுக்கணும், இங்கன பாத்து, "ரிமூவ் ஒன்லி"தான், பக்கத்துலயே "டெலீட் ஆல் ஃபைல்ஸ்" இருக்கும், அத அமுக்கினா அம்புட்டுதான். அப்புறம் ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசரா, விஎம் ஃபோல்டர மூவ் பண்ணி புது யூசர் ஹோமுக்குள்ள போட்டா, ஒரே பார்ட்டிஷன்ங்கதால கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள போயிரும். பெறகு அந்த ஃபோல்டர் முழுசுக்கும் சௌன் கமாண்டு போட்டு ஓனர மாத்தணும், உள்ள இருக்க ஃபைல் எல்லாத்துக்கும் சேத்து. கடைசியா புது லாகின்ல மெஷின் மெனு, ஆட், ஃபோல்டர்ல உள்ள விபாக்ஸ் ஃபைல, அதாவது விஎம்-மோட செட்டிங்ஸ் ஃபைல, காட்டினா லிஸ்ட்ல வந்து நிக்கும். யூயூஐடி, மேக் அட்ரஸ் எல்லாம் அந்த விபாக்ஸ் ஃபைலுக்குள்ளயே எழுதிருக்கதால ஒண்ணும் மாறாது. ஸ்னாப்ஷாட் அதே ஃபோல்டருக்குள்ள இருக்கதால அதுவும் கூடவே வந்துரும். பில்லிங் ஒரு வார்த்த கேக்காம தெறந்துச்சு.

இதுலயும் ரெண்டு இடத்துல கால் தட்டும். சிடி டிரைவ்ல பழைய யூசர் ஹோம்ல உள்ள ஐஎஸ்ஓ (சிடியோட நகலா உள்ள ஃபைல்) மாட்டிருந்தா, இல்ல ஷேர்டு ஃபோல்டர் அங்கன காட்டிருந்தா, புது லாகின்ல அது கெடைக்காம மொறச்சிக்கிட்டு நிக்கும், மொதல்லயே கழட்டிருங்க. யூஎஸ்பி டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் விஎம்-முக்குள்ள தெரியலன்னு அந்தத் தங்கச்சி மறுநாள் போன் போட்டா. யூஎஸ்பிக்கு அனுமதி குடுக்குற விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்ல புது யூசர சேக்க மறந்துட்டேன், சேத்து லாக்அவுட் பண்ணி லாகின் பண்ணதும் சரியாயிட்டு.

ரெண்டு யூசரையும் ஒரே குரூப்ல போட்டு ஒரே விஎம்-ம வச்சிக்கிடலாமேன்னு இன்னொரு கடைல பண்ணிப் பாத்தேன். ரெண்டு நாள் ஓடுச்சு. செட்டிங்ஸ் ஃபைல வெர்ச்சுவல்பாக்ஸ் திருப்பி எழுதும்போது எழுதின ஆளுக்கு மட்டும் பெர்மிஷன் வச்சிட்டு மத்தவர வெளிய தள்ளிருது. விட்டுட்டேன்.

வெர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதிலா லிப்வெர்ட்ங்க இன்னொரு விஎம் சாப்ட்வேர சிஸ்டம் மோட்ல போட்டா இந்தப் பேச்சே கெடயாது. அங்க விஎம் எந்த யூசருக்கும் சொந்தம் இல்ல, விவரம் ஈடிசி-ங்க சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள, டிஸ்க் வார்-லிப்-ங்க ஃபோல்டருக்குள்ள இருக்கும், ஆள லிப்வெர்ட் குரூப்ல சேத்தா போதும். ஆனா அந்தக் குரூப்ல சேக்குறது கிட்டத்தட்ட ரூட்டயே கைல குடுக்க மாதிரி, அத யோசிச்சிக்கிடுங்க. நான் இத ஒரே ஒரு இடத்துலதான் போட்டுருக்கேன், அதுவும் ஆறு மாசம் ஆகல, அதனால இதுதான் நல்லதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

பழைய பையன் லாகின இன்னும் அழிக்கல, லாக் மட்டும் போட்டு வச்சிருக்கேன். தீவாளிக்கு ஊருக்கு வாரேன்னிருக்கான், அவன் ஹோம் ஃபோல்டர்ல கெடக்க போட்டோவ அவனே பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போகட்டும்.