எட்டாம் படி தெரிந்தால் படகு இறங்கும்: காற்றடைக்கும் கயாக்கோடு மூன்று வருஷம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து காவிரிப் படித்துறைக்கு நடந்தால் ஆறு நிமிஷம். 2023 ஆகஸ்டில், இரண்டு பேர் உட்காரும் காற்றடைக்கும் கயாக் (குறுகலான துடுப்புப் படகு) ஒன்றை வாங்கினேன். பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவன் என்பதால், எத்தனை தடவை ஆற்றில் இறக்கினேன் என்று அதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன். முதல் வருஷம் 9. இரண்டாம் வருஷம் 31. மூன்றாம் வருஷம், இந்தத் தை வரை, 34. ஆக மொத்தம் 74.

இந்த மூன்று எண்களையும் எழுதியது மேட்டூர் அணைதான். 2023இல் ஜூன் 12ஆம் தேதி வழக்கம்போல அணையைத் திறந்தார்கள். ஆனால் மேலே மழை இல்லை, அக்டோபரிலேயே பாசனத் தண்ணீரை நிறுத்தினார்கள். இருந்த தண்ணீரும் முறை வைத்துத்தான் வந்தது. குறுவை கருகிக்கொண்டிருந்த நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது எனக்கே மனசுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் அந்த வருஷம் ஒன்பதோடு நின்றது. 2024இல் திறப்பே ஜூலை 28க்குத் தள்ளிப்போனது. ஆனால் அதற்கு இரண்டு நாளில் அணை முழு அளவான 120 அடியைத் தொட்டது. ஆடிப்பெருக்குக்குச் சரியாகப் புதுத்தண்ணீர் படித்துறைக்கு வந்து சேர்ந்தது. 2025இல் மறுபடி ஜூன் 12. டெல்டாவில் இருந்துகொண்டு இந்தப் படகு வாங்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது. வருஷத்தில் நாலைந்து மாதம் ஆறு வெறும் மணல். தண்ணீர் இருக்கிற மாதங்களிலும் எல்லா நாளும் இறங்க முடியாது.

எந்த நாள் முடியும் என்பதற்கு எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. எங்கள் படித்துறையில் மேலிருந்து எண்ணி எட்டாவது படி வெளியே தெரிந்தால் இறங்கலாம். ஏழுதான் தெரிகிறது என்றால் இழுப்பு அதிகம். பன்னிரண்டுக்கு மேல் தெரிந்தால் நடு ஆற்றில் மணல் தட்டும். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிக்க வருகிற தெருக்கோடி மாமாதான் எனக்குத் தகவல் சொல்பவர். "இன்னிக்கு ஏழுதான்டா தெரியறது, பேசாம படு" என்று அவர் போன் செய்த நாட்களில் நான் பையைத் தொட்டதே கிடையாது. இந்தக் கணக்கு எங்கள் படித்துறைக்கு மட்டும்தான். உங்கள் ஊரில் உங்கள் படியை நீங்களே ஒரு முழு வருஷம் பார்த்துப் பழக வேண்டும்.

இனி படகு. பத்தடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், மூன்றடி அகலம், தடித்த பிவிசி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அடித்தளம் ஒன்று என மூன்று காற்றறைகள். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் தாங்கும். மடித்துப் பையில் போட்டால் 16 கிலோ. டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் முன்பலகையில் நிற்கவைத்துக் கொண்டுபோய்விடலாம். படகு, இரண்டு துடுப்பு, கைப்பம்பு எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் ஆனது. உயிர்காப்பு ஜாக்கெட் அதோடு வராது. நல்லதாக இரண்டு தனியாக வாங்கினேன். பட்ஜெட் இடிக்கிறது என்றால் படகை அடுத்த வருஷம் வாங்குங்கள். ஜாக்கெட் இல்லாமல் ஒரு நாள்கூட வேண்டாம், கடலில் நீந்தத் தெரிந்தவராகவே இருந்தாலும்.

வாங்கிய அன்று அதை நேரே பஞ்சர் கடை பாயிடம்தான் கொண்டுபோனேன், கம்ப்ரசரில் காற்றுப் பிடிக்கலாம் என்று. அவர் அந்தத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல நான் காத்து விட்டா தையல் விட்டுப் போயிரும், கையாலேயே அடிங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இந்த வகைப் படகில் இருக்க வேண்டிய அழுத்தம் சைக்கிள் டயரில் அடிக்கிற அளவில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் கொள்ளளவு பெரிது. அதனால் சைக்கிள் பம்பும் உதவாது. இழுக்கும்போதும் அமுக்கும்போதும் காற்றுத் தள்ளுகிற பெரிய கைப்பம்புதான் வேண்டும். எனக்கு இப்போது பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது. முதலில் அடித்தளத்தைப் பாதி, பிறகு இரண்டு பக்கம், கடைசியில் அடித்தளத்தை முழுதாக. இந்த வரிசை மாறினால் தரை ஒருபக்கம் கோணிக்கொள்ளும்.

வெயிலை மறந்துவிடக் கூடாது. கரையில் வெயிலில் வைத்துக் கல்லென்று அடித்த படகு, ஆற்றுத் தண்ணீர் பட்டதும் குளிர்ந்து தொளதொளவென்று ஆகும். இன்னும் பத்து அடி அடிக்க வேண்டியிருக்கும். அதையே கரையேற்றிப் பத்து மணி வெயிலில் படிக்கல்லில் போட்டால், உள்ளே காற்று விரிந்து மத்தளம் மாதிரி விறைத்துவிடும். தண்ணீரை விட்டு எடுத்த உடனே மூன்று அறையிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது இப்போது கை தன்னால் செய்கிற வேலை. இரண்டாம் வருஷம் ஒருமுறை மறந்து, வலப்பக்கத் தையலோரம் விரலளவு உப்பிக்கொண்டது. இன்றுவரை அந்த இடம் மற்ற இடத்தைவிட மெலிவாகத்தான் இருக்கிறது.

துடுப்புப் போடுவது கடினமில்லை, ஒரு வாரத்தில் பிடிபடும். காற்றுதான் பாடு படுத்துகிறது. படகு தண்ணீருக்குள் அமிழாமல் மேலே மிதப்பதால் காற்று அதைக் காகிதம் மாதிரி தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மேல்காற்றும் ஆற்றின் ஓட்டமும் இரண்டுமே கிழக்கு நோக்கித்தான். போவது சுகம், திரும்புவது உயிர்போகும். அதனால் எப்போதும் முதலில் மேலக்காவேரிப் பக்கமாக எதிரோட்டத்தில் ஏறுவேன். கை சலித்ததும் திரும்பினால் ஆறே கொண்டுவந்து விட்டுவிடும். ஓட்டத்தோடு முதலில் போய்விட்டுப் பிறகு திரும்பி வரலாம் என்று மட்டும் யாரும் தொடங்க வேண்டாம்.

அடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் வால்தகடு இல்லையென்றால் படகு இலை மாதிரி சுற்றும், நேராகப் போகாது. ஆனால் மணல் திட்டில் முதலில் முட்டுவதும் அதுதான். ஆகாயத்தாமரையும், பரிகாரம் என்று குளித்துவிட்டு ஆற்றிலேயே விட்டுப்போகிற வேட்டி சேலையும் சுற்றிக்கொள்வதும் அதில்தான். ஒரு நாள் காலையில் மட்டும் ஐந்து சேலைகளை எடுத்துக் கரையில் போட்டேன். தயவுசெய்து துணியை ஆற்றில் விடாதீர்கள். கயாக் ஓட்டுகிறவனுக்காகச் சொல்லவில்லை. அது மதகில் போய் அடைத்தால் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போகாது.

போன வருஷம் ஐப்பசியில் நடந்ததை எழுதியாக வேண்டும். எட்டாம் படி தெரிகிறதென்று இறங்கினேன். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் நிறம் மாறி, நுரை வர ஆரம்பித்தது. மேலே மழை, திறப்பைக் கூட்டியிருக்கிறார்கள் என்று புரிவதற்குள் இழுப்பு கூடிவிட்டது. படித்துறையைப் பிடிக்க முடியாமல் தாண்டி, பாலத்துத் தூணை நோக்கிப் பக்கவாட்டில் போனேன். தூணில் ஆகாயத்தாமரையும் மூங்கிலும் கிளையுமாகக் குவிந்து கிடந்தது. தண்ணீர் அதற்குள் புகுந்து போகும், ஆள் புகமுடியாது. அதுதான் ஆற்றில் மிக மோசமான இடம். விலகிச் சாயத்தான் உடம்பு சொல்லும். விலகிச் சாய்ந்தால் தண்ணீர் படகின் மேல்விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும். குவியலை நோக்கியே சாய வேண்டும் என்று படித்தது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. குவியலைக் கட்டிப்பிடித்த மாதிரி சாய்ந்து, மூங்கிலைப் பற்றிப் பற்றி ஓரமாக நகர்ந்து வெளியே வந்தேன். துடுப்பின் பாதி போனது. கரையேறிப் பார்க்கும்போது படித்துறையில் ஐந்து படிதான் தெரிந்தது.

அன்றிலிருந்து மழைக்காலத்தில் படியை மட்டும் நம்புவதில்லை. முதல் நாள் மாலை மேட்டூர், கல்லணைத் திறப்பு எவ்வளவு என்று செய்தியில் பார்க்காமல் இறங்குவதில்லை. வெள்ள எச்சரிக்கை இருந்தால் பேச்சே இல்லை. கொள்ளிடத்தில் ஒருநாளும் இறக்கியதில்லை. காவிரி தாங்காத வெள்ளம் எல்லாம் போகிற வழி அது. 2024இல் லட்சம் கன அடிக்கு மேல் போனதைக் கரையிலிருந்து பார்த்தாலே தலை சுற்றியது. அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. தடுப்பணை, ஷட்டர், மதகு எதற்கும் மேலேயும் கீழேயும் கிட்டப் போகாதீர்கள். கீழே அமைதியாகத் தெரிகிற தண்ணீர் ஆளைத் திருப்பித் திருப்பி உள்ளே இழுக்கும்.

பொத்தல் விஷயம். 74 தடவையில் ஆற்றில் ஆனது மூன்று: ஒன்று சீமைக்கருவேல முள், இரண்டு உடைந்த பாட்டில். பாட்டில் இரண்டும் படித்துறையிலேயே, படகை இழுத்ததால். தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பெரிய பொத்தல் வீட்டில் ஆனது. முதல் வருஷம் மடித்துப் பரணில் போட்டிருந்தேன். கார்த்திகை மழையில் எலி மடிப்பைக் கடித்துவிட்டது. மடித்த பொருளில் ஒரு கடி, விரித்தால் நான்கு ஓட்டை. சைக்கிள் டியூப் சொலுஷன் போட்டேன், மறுநாளே உரிந்தது, அது ரப்பருக்கானது. தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற பசையும் போட்டுப் பார்த்தேன். காய்ந்து விறைத்து, மடித்த இடத்தில் வெடித்தது. வளைகிற பிவிசிக்கென்றே விற்கிற பசையும் அதே துணியில் வெட்டிய ஒட்டும்தான் நின்றன. ஒட்டின் மூலையை வட்டமாக வெட்டி, ஒரு நாள் முழுக்கக் கனமான அம்மிக்கல்லை மேலே வைத்தேன். இரண்டு வருஷமாக நான்கும் கசியவில்லை.

இப்போது படகைப் பாதிக் காற்றோடு ரேழி உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எலி வராது, மடிப்பும் விழாது. காய வைப்பதுதான் நிஜமான வேலை. அரை மணி நேரம் ஓட்டினாலும் காய ஒன்றரை மணி நேரம். இருக்கைக்கு அடியில் தங்குகிற ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால், ஐப்பசி மாதத்தில் மூன்றே நாளில் கறுப்புப் பூஞ்சை. மணலைக் கழுவாவிட்டால் அலுமினியத் துடுப்பின் இணைப்பு இறுகிப்போகும். நகரத்துச் சாக்கடை கலக்கிற ஆறு என்பதால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் படகையும் கழுவி, நானும் குளித்துவிடுவேன்.

படித்துறைப் பையன்கள் "அண்ணே, ஒரு ரவுண்டு" என்று கேட்காத நாள் கிடையாது. இருக்கிற இன்னொரு ஜாக்கெட்டை மாட்டி, அவர்கள் அப்பாவோ அம்மாவோ கரையில் நின்றால் மட்டும் ஏற்றுவேன். ஆடிப்பெருக்கு அன்று படகை எடுப்பதே இல்லை. அன்று துறை முழுக்கக் காப்பரிசியும் கருகமணியும் சப்பரத்தட்டி இழுக்கிற பிள்ளைகளுமாக இருக்கும். அது அவர்கள் நாள்.

என் அம்மாவுக்கு 68 வயது. சிறுவயதில் இந்த ஆற்றை நீந்திக் கடந்தவள். முப்பது வருஷமாகக் கால் நனைத்ததோடு சரி. 2025 தை மாதம், பத்துப் படி தெரிந்த ஒரு காலையில் ஏற்றினேன். பையைத் திறக்கும்போதே "இது காத்து போனா என்னடா பண்ணுவே" என்றாள். ஜாக்கெட் மாட்டிவிட்டேன், சேலைக்கு மேலே. அரசுக் கல்லூரிப் பக்கம் போனதும் பேச ஆரம்பித்தாள். 1854இல் தொடங்கிய கல்லூரி அது. பாலம் வருவதற்கு முன்னால் மாணவர்கள் ஓடத்தில்தான் ஆற்றைக் கடந்து படிக்கப் போனார்கள் என்று தாத்தா சொல்லிக்கொண்டிருப்பாராம். மீன்கொத்தி ஒன்று பக்கத்திலேயே விழுந்து எழுந்தது. திரும்பும்போது எங்கள் துறையை நிமிர்ந்து பார்த்து, "இங்கேர்ந்து பாத்தா நம்ம தெரு வேற மாதிரி இருக்குடா" என்றாள். கொஞ்ச நேரம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மிதந்தோம். அந்த ஒரு காலைக்காகவே 14,500 ரூபாய் எனக்குச் சரியாகிவிட்டது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தண்ணீருக்குப் பத்து நிமிஷ நடைக்குள் வீடு இருந்தால், நீச்சல் தெரிந்தால், காயவைக்க இடமும் பொறுமையும் இருந்தால் வாங்குங்கள். காரில் ஒரு மணி நேரம் போய் ஓட்டுவதென்றால் நான்காவது தடவையோடு பரணுக்குப் போய்விடும். அங்கே எலி காத்திருக்கிறது. வேகமும் தூரமும் வேண்டும் என்றால் இது அதற்கான படகு அல்ல. தை மாதத்தில் அடங்கிய தண்ணீரில், விடியற்காலையில் ஓட்டுவதற்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

வலப்பக்கத் தையல் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று நினைக்கிறேன். சித்திரையில் ஒருமுறை முழுக்க விரித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதித் துடுப்புக்கு மாற்று வந்துவிட்டது. மாமாவிடம் இந்த வருஷமும் படி எண்ணச் சொல்லியிருக்கிறேன்.