நாடு நாடாகப் போகிறவர்களுக்கு ஏற்ற தொழுகை நேரச் செயலி

வேலைக்காக ஊர் ஊராக அலையும் எனக்கு இரண்டு வருடமாக இந்தச் செயலிதான் பாங்கு சொல்கிறது. ரொம்பப் பிடித்த விஷயம், நேரத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று நம்மையே தேர்ந்தெடுக்க விடுகிறது. உலக முஸ்லிம் லீக் முறையில் சூரியன் அடிவானத்துக்கு 18 டிகிரி கீழே இருக்கும்போது சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகை, வட அமெரிக்காவில் பலர் பின்பற்றும் முறையில் 15 டிகிரி, மக்காவின் உம்முல் குரா முறையிலோ சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுக்கு 90 நிமிடம் கழித்து இரவுத் தொழுகையான இஷா. பிற்பகல் தொழுகையான அஸரை ஷாஃபி, ஹனஃபி என்ற சட்டப் பிரிவுகளின்படி தனியாக மாற்றலாம். இதைச் சரியாக வைக்காவிட்டால் பக்கத்துப் பள்ளிவாசல் நேரத்தோடு ஒத்தே வராது.

லண்டனில் ஜூன் மாதம்தான் தவித்துப்போனேன். பல முறைகளில் இஷாவையும் சூரியன் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். அங்கே அப்போது சூரியன் 18 டிகிரி வரை இறங்குவதே இல்லை, ராத்திரி முழுக்க வானத்தில் லேசான வெளிச்சம். செயலியில் இஷாவுக்கு நேராக வெறும் கோடு. ஒளு செய்து (தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி) முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இரவை ஏழாகப் பிரித்து முதல் பங்கு முடிந்ததும் இஷா என்ற கணக்கையும் சேர்த்துவிட்டார்கள், பெரிய நிம்மதி.

அப்புறம் கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை. நியூயார்க்கில் வடகிழக்கைக் காட்டினால் பயப்படாதீர்கள், உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி அதுதான். கைப்பேசி உறையில் காந்தம் இருந்தால் மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள், முள் தாறுமாறாகச் சுற்றும்.

பாங்கு முடிந்த கையோடு இசையோடு விளம்பரம் வருவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.