யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் புதுக் குளியலறை: பச்சைக் குழாயா, வெள்ளைக் குழாயா?

பச்சை நிறப் பிபிஆர் (சூட்டில் உருக்கி ஒட்டும் பிளாஸ்ரிக்) குழாய் நல்ல சாமான்தான். சுடுநீரைத் தாங்கும், துருப்பிடிக்காது, உருக்கி ஒட்டிய மூட்டு தனியாகக் கழலாது. ஆனாலும் கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து தானாக இறங்க விடும் வீட்டில், குளிர்நீர்ப் பாதைக்கு எங்கள் தெரிவு வெள்ளைப் பிவிசிதான். விலையைப் பார்த்துச் சொல்லவில்லை, உள்விட்டத்தைப் பார்த்துச் சொல்கிறோம்.

இரண்டிலும் எழுதியிருக்கும் எண் வெளிவிட்டம். கடையில் அரை அங்குலம் என்று கேட்டால் வருகிற 20 மில்லிமீற்றர் வெள்ளைக் குழாயின் உள்வாய் ஏறத்தாழ 17. அதே 20 பச்சையில், பிஎன் 20 என்ற அமுக்க வகையில், சுவர் மட்டும் 3.4, உள்ளே மிஞ்சுவது 13.2. ஒரே உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறத்தாழ பாதியாகிவிடும். வெள்ளையில் 25 தரும் ஓட்டத்தைப் பச்சையில் பெற 32 வாங்க வேண்டும். நகரக் குழாய் அமுக்கம் உள்ள இடத்தில் இது பெரிதாகத் தெரியாது. இங்கே தாங்கியின் அடிப்பக்கம் 12 அடி உயரத்தில், ஷவர் 7 அடி உயரத்தில் என்றால் கிடைப்பது 5 அடி உயர அமுக்கம், அதாவது 0.15 பார்தான். அது தரும் ஓட்டத்தில் பாதியை விட்டுக்கொடுக்க ஏலாது.

பச்சையின் இன்னொரு குறை, வேலை செய்பவரின் கையில் இருக்கிறது. உருக்கும் இயந்திரம் 260 பாகையில் நிற்க, 20 குழாய்க்கு 5 விநாடி, 25க்கு 7 விநாடி போதும். கூடுதலாகச் சூடாக்கினாலோ ஆழமாக அமத்தினாலோ உருகிய பிளாஸ்ரிக் உள்ளே வளையமாகத் திரண்டு வாயை அடைக்கும். வெளியில் மூட்டு அழகாக இருக்கும். ஷவர் மட்டும் சொட்டும். சுடுநீர் ஹீற்றரிலிருந்து ஷவர் வரைக்கும் பச்சையைப் போட்டால் சரியான இடத்தில் போட்டதாகும். வெள்ளைப் பிவிசி சுடுநீரில் இளகும், அங்கே அதைப் போடவே கூடாது.

பழைய பாதையில் எங்கே வெட்டுவது? குசினிக்குப் போகும் அரை அங்குலக் குழாயில் ரீ (மூன்று வாய் மூட்டு) வைத்து எடுப்பதுதான் சுலபம். பிறகு அங்கே பைப்பைத் திறந்தால் இங்கே குளிப்பவர் தலையில் சவர்க்காரத்தோடு நிற்பார். தாங்கியின் வெளிவாயிலிருந்தே தனியாக முக்கால் அங்குலம் (25) இறக்கி, தொடக்கத்தில் பித்தளையில் ‘போல் வால்வு’ (கால் சுற்றில் மூடும் உருண்டை வால்வு) ஒன்று, கழற்ற யூனியன் ஒன்று வையுங்கள். கேட் வால்வு (தகடு இறங்கி மூடுவது) வேண்டாம்: சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் நம் தண்ணீரின் படிவு அதன் அடியில் தங்கி, அவசரத்தில் முழுதாக மூடாது. போல் வால்வையும் மாதம் ஒருக்கால் திருப்பி விடாவிட்டால் இறுகிவிடும். பாதை எங்கேயும் மேலேறி மறுபடி இறங்கக் கூடாது. அந்தக் கூனில் காற்று அடைபட்டால் இவ்வளவு குறைந்த அமுக்கத்தால் அதைத் தள்ள முடியாது.

ஷவர், கைகழுவி, கொமட், கைஷவர், வாளிக்கு ஒரு பைப் என ஐந்து வாய்கள். முக்காலிலிருந்து அரைக்குக் குறையும் ரீ நான்கு, கடைசிக்கு ஒரு குறைப்பு எல்போ, சுவர் வாய்களுக்குப் பித்தளைப் புரி வைத்த எல்போ ஐந்து, ஆங்கிள் வால்வு மூன்று. மிச்சம் பிடிப்பதென்றால் வேறு எதிலாவது பிடியுங்கள், பித்தளைப் புரியில் வேண்டாம். வெறும் பிளாஸ்ரிக் புரிக்குள் பித்தளை பைப்பை முறுக்கினால் அது ஆப்புப் போல விரித்துப் பிளக்கும். அதுவும் உடனே பிளக்காது. மாபிள் ஒட்டி முடிந்து சில கிழமைகளின் பின் சுவரில் ஈரம் தெரியும்போதுதான் விளங்கும். திரெட் ரேப் பத்துப் பன்னிரண்டு சுற்று, புரி இறுகும் திசையில்.

ஒட்டுப் பசையில் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஈரக் குழாயில் பூசியவர்கள். வால்வு மூடியும் பழைய குழாயில் தண்ணீர் கசிந்தால் பாணின் உட்பக்கத்தை உருட்டி உள்ளே அடையுங்கள். ஒட்டி முடித்தபின் அது கரைந்து போய்விடும். பிறகு முதன்முதல் தண்ணீர் விடும்போது ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டு ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பாண் துகள் துளைகளில் போய் இருக்கும். மினுக்கத்தை உப்புத்தாளால் எடுத்து, இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். 24 மணி நேரம் தண்ணீர் விட வேண்டாம். அதன்பின் வாய்களை மூடி, கைப்பம்பியால் 6 பார் ஏற்றி ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நின்றால்தான் மேசனுக்குச் சீமெந்து குழைக்கச் சொல்லலாம்.

வெள்ளைக்கு ஒரு புள்ளி குறைக்க வேண்டிய இடம் கூரை. வெயிலில் திறந்து கிடந்தால் சில வருடங்களில் நொறுங்கும். தாங்கியிலிருந்து சுவருக்குள் போகும்வரை தண்ணீரில் கலக்கும் வெளிர் நிற வண்ணம் இரண்டு பூச்சு அடியுங்கள்.

நீர் வழங்கல் சபையின் இணைப்பும் உள்ள வீடென்றால் அதையும் கிணற்றுப் பாதையையும் ரீயால் நேரே சேர்க்கக் கூடாது, இடையில் வால்வு இருந்தாலும்தான். சபைத் தண்ணீர் தாங்கிக்குள் மேலிருந்து, நீர்மட்டத்தைத் தொடாமல் விழட்டும். அப்படியென்றால் சபைக் குழாயில் அமுக்கம் விழும் நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் பொதுக்குழாய்க்குள் இழுபடாது.