பட்டைக்கு அடியில் இருந்த ஓட்டை: ஒரு லாரி டீசல் டாங்கியோடு ஆறு ஆண்டுகள்

பர்மாவில் மௌல்மெயினிலிருந்து தட்டோன், பெகு வழியாக யாங்கோனுக்கு ரப்பர் தகடுகளை ஏற்றிச் செல்லும் என் லாரி, ஜப்பானில் பல ஆண்டுகள் ஓடிய பிறகு இங்கே வந்தது. அதன் 200 லிட்டர் இரும்பு டாங்கி முதன்முதலில் கசிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சோப்பு, எப்பாக்ஸி பசை, வெல்டிங் என்று மூன்று வழிகளையும் அந்த ஒரே டாங்கியில் அடுத்தடுத்துச் செய்து பார்த்துவிட்டேன் என்பதால், எது எத்தனை நாள் தாங்கியது என்பதை இதே தொழிலில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இரவு லாரி நின்ற இடத்தில் காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஈரம் தெரிந்தது. மறுநாள் இரவு அடியில் ஒரு தகர டப்பாவை வைத்தேன். விடிவதற்குள் ஒரு லிட்டருக்குக் குறையாமல் சேர்ந்திருந்தது. சொட்டு அடியில் இருக்கும் திருகு மூடியிலிருந்து விழுந்ததால் அந்த மூடியையே இரண்டு வாரம் இறுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் டீசல் இரும்பை ஒட்டியே வழிந்து வந்து தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஓட்டை வேறெங்கோ இருக்கும். கடைசியில் டாங்கியைச் சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வீட்டில் முகத்துக்குப் பூச வைத்திருந்த உலர்ந்த தனாக்கா மரப்பட்டை மாவை அதன்மேல் பூசினேன். கால் மணி நேரத்தில், டாங்கியை லாரியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டைகளில் பின்பக்கப் பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து தென்னை ஈர்க்கைப் போல மெல்லிய கோடு ஒன்று மாவை நனைத்துக்கொண்டு இறங்கியது.

கசியும் இடத்தில் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பது ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. சோப்பு டீசலில் கரையாது என்பதால் வெயில் காலத்தில் பெகு வரை போய்த் திரும்பும் அளவுக்கு அது தாங்கியது. ஆனி மாத மழையிலோ சித்தாங் பாலத்தை எட்டும் முன்பே கரைந்து போய்விட்டது. ரப்பர் விளையும் ஊர் என்பதால் டியூப் துண்டை வைத்துக் கட்டச் சொன்னவர்களும் உண்டு. இயற்கை ரப்பர் டீசலில் ஊறி உப்பிக் குழைந்துவிடும் என்பதால் அதை நான் செய்யவில்லை.

அடுத்து எப்பாக்ஸி பசை. டீசல் மட்டத்தை ஓட்டைக்குக் கீழே இறக்கி, இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்துப் பூசினேன். பதினான்கு மாதம் ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு ஒரு மழை நாளில் அந்தப் பூச்சு முழுதாகப் பெயர்ந்து விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் துரு ஒரு படலமாக ஒட்டியிருந்தது. பசையில் குறை இல்லை. அது பிடித்திருந்த இரும்புதான் அடியில் உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்று என் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று, சாலையில் நான் விட்டுவந்த டீசலில் வழுக்கி விழுந்தது. ஓட்டி வந்த பையனுக்கும் அவன் தாயாருக்கும் சிராய்ப்போடு போனது. அவர்களைத் தூக்கி உட்கார வைத்தபோதே, இனிமேல் அடைக்கிற வேலை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

தட்டோனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பட்டையைக் கழற்றியதும் காரணம் கண்ணில் பட்டது. பட்டைக்கும் டாங்கிக்கும் இடையே இருந்த மெத்தை கிழிந்து, அதில் சேறு புகுந்து, வைகாசி முதல் ஐப்பசி வரை ஈரம் காயாமலே இருந்திருக்கிறது. “அண்ணே, டாங்கி காலியாகத்தானே இருக்கிறது, இப்போதே பற்றவைத்துவிடலாமே?” என்று கேட்டேன். “தம்பி, நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிக்குத்தான் நான் பயப்படுவேன். உள்ளே ஆவி நிற்கும்” என்றார். வெந்நீராலும் நீராவியாலும் இரண்டு முறை கழுவி, வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்த பிறகே நெருப்பைக் கொண்டுவந்தார். துத்தநாகம் பூசிய தகடு மலிவாகக் கிடைத்தும் அதை அவர் தொடவில்லை. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பிசுக்காகி ஃபில்டரை அடைத்துவிடும். ஓட்டையை மட்டும் மூடாமல், துரு தின்ற பகுதியை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, சாதாரண இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்தார். பிறகு மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, சோப்பு நுரை பூசி, குமிழி எழவில்லை என்பதை எனக்குக் காட்டினார். பட்டைக்கு அடியில் டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் மெத்தை போட்டோம்.

முதல் இரண்டு பயணங்களில் உள்ளே கிளம்பிய துருத் தூளால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, மேட்டில் வண்டி இழுக்கவில்லை. இரண்டு முறை மாற்றியதும் சரியாயிற்று. அதன் பிறகு நான்கரை ஆண்டுகளாக அந்த இடம் கசியவே இல்லை. பசைக்கு ஆனதைவிட வெல்டிங்குக்குப் பல மடங்கு செலவானது, லாரியும் மூன்று நாள் நின்றது. இருந்தாலும் முதல் மாதமே இதைச் செய்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். டாங்கி குறையக் குறைய ஈரக்காற்று உள்ளே புகுந்து நீராகி, டீசலைவிடக் கனமாக இருப்பதால் அடியில் தங்கும். அதனால் இரவு நிறுத்தும் முன் டாங்கியை நிரப்பிவிடுகிறேன்; மாதம் ஒரு முறை, வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, அடித்திருகைத் தளர்த்தி ஒரு கிண்ணத்தில் பிடித்து, கீழே படியும் நீரை வெளியேற்றுகிறேன்.

முன்பக்கப் பட்டையை அன்று கழற்றவில்லை. சென்ற வாரம் மாவு பூசிப் பார்த்தபோது அது காய்ந்தே இருந்தது, ஆனாலும் பட்டையின் விளிம்பில் வண்ணம் பொங்கியிருக்கிறது. மழை நின்றதும் லாரியைத் தட்டோனுக்குக் கொண்டுபோய் அதையும் திறந்து பார்க்கப் பெரியவரிடம் நாள் கேட்டிருக்கிறேன்.