எம்.எச்.ஏ.ல (ஆஸ்பத்திரி நிர்வாக முதுநிலைப் படிப்பு) சேரப்போறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க (மூணு லட்சம் போச்சு)

இன்னிக்குக் காலையிலதான் கடைசி பதில் வந்துச்சு: "ரீஃபண்ட் காலக்கெடு முடிந்துவிட்டது." முதல் வகுப்பு திறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சாம்! வயிறு எரியுது. மூணு லட்சம். பாதி, ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர்ல உட்கார்ந்து நான் சேர்த்தது. மீதி, படிப்பை வித்த தளமே பிடிச்சுக் கொடுத்த கடன்.

ஆன்லைன்ல பட்டப்படிப்புக்கு ஆள் பிடிச்சுத் தர்ற தளம் ஒண்ணு. பேரு சொல்லல, வக்கீல் நோட்டீஸ் விடற ரகம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோட ஹெல்த்கேர் அட்மினிஸ்ட்ரேஷன் முதுநிலைப் பட்டம், வேலையை விடாமலே படிக்கலாம், கடைசியில ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப், இதான் விளம்பரம்.

நான் எடுத்த எடுப்புல கேட்டதே, "கேமி (CAHME) அங்கீகாரம் இருக்கா?"ன்னுதான். இந்தத் துறையோட முதுநிலைப் படிப்புகளை மதிப்பிடற அமைப்பு அது. அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகள் தர்ற ஃபெல்லோஷிப் (படிச்சு முடிச்சதும் கிடைக்கற பயிற்சி வேலை) பலதுக்கு, அந்த அங்கீகாரம் இருக்கற படிப்பான்னுதான் முதல்ல பார்ப்பாங்க. கவுன்சிலர் தம்பி கொஞ்சம்கூடத் தயங்கல. "இருக்குக்கா! என் கூடப்பிறந்த அக்காவா இருந்தா இதுலதான் சேர்த்துவிடுவேன்"னான். ஸ்க்ரீன்ல முத்திரை குத்தின சான்றிதழை விரிச்சு, மவுஸால அந்த முத்திரையையே சுத்திச் சுத்திக் காட்டினான். "ஸ்காலர்ஷிப் இன்னிக்கு ராத்திரியோட முடியுதுக்கா." அந்த ராத்திரியே கட்டினேன்.

அந்தச் சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமா கிடைச்சது. கேமி அங்கீகாரம் தர்றது கல்லூரிக்கு இல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியா. இந்தப் படிப்பு கேமி பட்டியல்லயே இல்ல. கேட்டா, "கேண்டிடசில இருக்கு மேடம்"ங்கறாங்க. கேண்டிடசின்னா இன்னும் அங்கீகாரம் வரலன்னு அர்த்தம். கேண்டிடசி பட்டியல்லயும் தேடினேன், அதுலயும் இல்ல.

வகுப்பு மட்டும் என்ன வாழுது? எல்லாம் பழைய வீடியோ. கோடிங் பாடத்துல (ஒவ்வொரு நோய்க்கும் பில்லுல போடற குறியீடு) சர்க்கரை நோய்க்கு 250.00-ன்னு போட்டிருக்கு. அது ஐ.சி.டி.-9, நோய்க் குறியீட்டுப் பட்டியலோட பழைய பதிப்பு! அமெரிக்காவே 2015 அக்டோபர் 1-லேர்ந்து ஐ.சி.டி.-10-க்கு மாறிருச்சு. டைப் 2-க்கு தினமும் இ11.9-ன்னு அடிக்கறவ கிட்டயே இதைக் காசுக்கு விக்கறாங்க. இன்டர்ன்ஷிப்னு வந்தது ஒரு எக்செல் ஷீட். இல்லாத ஆஸ்பத்திரிக்கு பட்ஜெட் போட்டு அனுப்பணுமாம்.

போன் பண்ணினா அந்தத் தம்பி "வேற டீமுக்குப் போயிட்டாரு". சாட்ல "புகார் டிக்கெட் போடுங்க". போட்டா, யாரும் பேசாமலே "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிடறாங்க. பல்கலைக்கழகம் "தளத்துக்கிட்ட கேளுங்க"ங்குது, தளம் "பல்கலைக்கழக விதி"ங்குது. கடன் கம்பெனி மட்டும் தேதி தவறாம தவணையை எடுத்துடுது. மூணு லட்சங்க, மூணு லட்சம்!

எப்படிப் பார்த்துச் சேரணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்போ முடியல. கேமி சைட்ல பல்கலைக்கழகத்தோட பேரைத் தேடாதீங்க, படிப்போட பேரைத் தேடுங்க. வேற நாட்டுப் படிப்புன்னா உங்க ஊர்ல அது செல்லுமான்னு கேட்டுக்குங்க. இன்டர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரி, யார் பொறுப்புன்னு மெயில்ல எழுதி வாங்குங்க. போன்ல சொன்னது எதுவும் நிக்காது. அவங்க கொடுக்கற கடன் வேண்டவே வேண்டாம். ராத்திரியோட முடியுதுன்னா போனை வைங்க. எனக்குச் சொன்ன அதே ஸ்காலர்ஷிப் இப்பவும் அவங்க முகப்புல ஓடிட்டிருக்கு.